முதுகுக்கு ஒரு மட்கார்டு

இருபத்தாறு வருஷமாகத் தோல் ஃபேக்டரியில் குவாலிட்டி பார்க்கிறவன் நான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இது ஆடு, இது மாடு, இது கழுத்துப் பக்கம், இது வயிற்றுப் பக்கம் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட எனக்கு, மட்கார்டு இல்லாத சைக்கிளை ஈர ரோட்டில் ஓட்டினால் பின்சக்கரம் முதுகில் சேற்றை வாரி அடிக்கும் என்பது ஐம்பத்தோரு வயதுவரை தெரியாது. தெரிந்துகொண்ட இடம் சர்ச். தெரியப்படுத்தியது மொத்த சபையும்.

சைக்கிள் வாங்கியதற்கு டாக்டர்தான் காரணம். சர்க்கரை ஏறியிருக்கிறது, தினமும் நடங்கள் அல்லது சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். காலையில் நடக்கிறவனைப் பார்த்தால் ஆம்பூரில் 'சுகரா?' என்று கேட்பார்கள். சைக்கிளில் போகிறவனை அப்படிக் கேட்க மாட்டார்கள், அது ஸ்போர்ட்ஸ். கியர் வைத்த, ஒல்லியான, நீல நிற சைக்கிள் ஒன்றை வாங்கினேன். "மட்கார்டு தனியா போடணும் சார், போடட்டா?" என்று கடைக்காரர் கேட்டபோது, "அதெல்லாம் பால்காரர் சைக்கிளுக்கு" என்று சொன்னதும் நான்தான்.

எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையின்போது இரண்டு பேர் வேதம் வாசிப்பார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். அன்றைக்கு ராத்திரி பெய்த மழை விட்டிருந்தது. என் மனைவி இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு, ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனேன். கிழித்தேன் என்றுதான் நினைத்தேன்.

வாசிக்கும் நேரம் வந்ததும் பின்பெஞ்சிலிருந்து எழுந்து நடுவழியாக முன்னே நடந்தேன். நான் கடந்து போன ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு சிரிப்புச் சத்தம் எழுந்தது. வாசிக்கும் மேடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முதலில் பேன்ட் ஜிப்பைச் சோதித்தேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது. தைரியம் வந்து, கணீரென்று வாசித்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் மனைவி என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாங்க இது? முதுகுல தார் ரோடு போட்ட மாதிரி இருக்கு. இடுப்புலேர்ந்து கழுத்து வரிக்கும் ஒரே கோடு!"

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாக்காம? பக்கத்துல உக்காந்திருந்த ஆன்ட்டி, 'வீட்டுக்காரர் வழியில விழுந்துட்டாரா'ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

"ஏன் பொய் சொன்ன?"

"உண்மைய சொன்னா இன்னும் அசிங்கம்ங்க."

வீட்டுக்குப் போனதும் தீர்ப்பு வந்தது. மழைக்காலம் முடியும்வரை சர்ச்சுக்கு அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வர வேண்டும். நான் முடியாது என்றேன். ஃபேக்டரி முழுக்க, 'மழையோ வெயிலோ இனி எனக்கு சைக்கிள்தான்' என்று சொல்லி வைத்திருந்தேன்.

"சரி. அடுத்த மாசம் உங்க முறை வரும்ல? சைக்கிள்லயே வாங்க. சட்டையில ஒரு பொட்டு சேறு இருந்தாலும் வண்டி திமிரியில இருக்கிற எங்க அம்மா வீட்டுக்குப் போயிடும். என் தம்பி மாட்டுக்குப் புல்லு எடுத்தாற வண்டி இல்லாம பேஜாராவுறான்."

கியர் வைத்த என் சைக்கிளின் மேல் புல்லுக்கட்டு உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எழுந்து போய் சைக்கிளை ஒரு தடவை துடைத்துவிட்டு வந்தேன்.

மட்கார்டு போட வேண்டும் என்பது புரிந்துவிட்டது. வேறு ஊர்க்காரனாக இருந்தால் நேராகக் கடைக்குப் போயிருப்பான். நான் ஆம்பூர்க்காரன், அதிலும் குவாலிட்டி ஆள். பிளாஸ்டிக்கைப் போய் மாட்டுவதா? செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடும் கெட்டித் தோலில் இரண்டு பட்டை சொல்லி வாங்கினேன். தண்ணீரில் ஊறவைத்து, டயர் மேலேயே சுற்றிக் கயிறு கட்டி, மூன்று நாள் காயவிட்டேன். அழகாக வளைந்து நின்றது. தண்ணீர் ஏறாமல் இருக்க, தோலை மிருதுவாக்க நாங்கள் ஃபேக்டரியில் போடும் மீன் எண்ணெயை இரண்டு பக்கமும் தாராளமாகத் தடவினேன். தேன் நிறத்தில் மின்னியது. போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன்.

திங்கட்கிழமை தூறலில் கிளம்பினேன். வீட்டு முனையில் ஒரு நாய் எழுந்து கூடவே வந்தது. கறிக்கடைத் திருப்பத்தில் மூன்றாயின. கறிக்கடையை விட்டுவிட்டு நாய்கள் என் பின்னால் வந்தது, கறிக்கடைக்காரருக்கே ஆச்சரியம். அதற்குள் தோல் தண்ணீர் குடித்து, டீயில் போட்ட பன் மாதிரி தொங்கி டயரைப் பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். ஃபேக்டரி கேட்டுக்கு வந்தபோது நாய்கள் ஐந்து.

வாட்ச்மேன் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். "சார், இதெல்லாம் உங்ககூட வந்ததுங்களா? என்ட்ரி போடணுமா?"

எங்கள் பேட்டர்ன் ரூமில், ஷூவுக்கு அளவெடுத்துத் தோல் வெட்டும் ஒரு பாய் இருக்கிறார். என் வயசுதான், தோஸ்த். மூக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைச் சுற்றி வந்தார்.

"இன்னா சார், நீங்க எத்தினி வருஷமா தோல் பாக்குறீங்க?"

"இருபத்தாறு."

"சோல் தோலு தண்ணி குடிக்கும்னு எனக்கு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன் பாய்."

"அப்ப ஊருக்கு சொல்றதை உங்க காதும் கேக்கட்டும். ஒழுங்கா பிளாஸ்டிக் போடுங்க. பிளாஸ்டிக்கை நாய் மதிக்காது."

அடுத்த சனிக்கிழமை வேலூர் லாங் பஜாருக்குப் போய், ஒரு சந்துக்குள் இருந்த சைக்கிள் சாமான் கடையைக் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை முட்டாளாக மாட்டேன் என்று, தோலின் கனம் பார்க்கும் கேஜைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அதைக் கடைக்கு வெளியே நின்ற ஒரு சைக்கிளின் டயரில் வைத்தேன். கேஜ் பத்து மில்லிமீட்டருக்கு மேல் திறக்காது. டயர் அதைப் போல நாலு மடங்கு இருந்தது.

கல்லாவில் இருந்தவர் எழுந்து வந்தார். "சார், அது என் வண்டி. அளவு டயர்லயே எழுதியிருக்கும். உங்க டயர்ல இன்னா போட்டிருக்கு?"

மனைவிக்குப் போன் போட்டேன். அவள் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து டயரைப் படித்துச் சொன்னாள். முப்பத்தெட்டு.

அவர் மூன்று தினுசு எடுத்துப் போட்டார். முதலாவது சீட்டுக்கு அடியில் மாட்டும் குட்டை வால். "இது ஸ்டைலு. சேறு பாதி உங்களுக்கு, பாதி பின்னாடி வர்றவனுக்கு." இரண்டாவது இரும்பு, பால்காரர் சைக்கிளுடையது. அது என்னைப் பார்த்துச் சிரித்தது போல இருந்தது, ஆனால் வளைவு என் சக்கரத்துக்குச் சேராது. மூன்றாவது கறுப்பு பிளாஸ்டிக், சக்கரத்தின் பாதிக்கு மேல் மூடும் நீளம், இரண்டு பக்கமும் தாங்குகம்பி.

"டயரைவிட மட்கார்டு அகலம் ஒரு விரக்கடையாவது ஜாஸ்தி இருக்கணும் சார். கம்மியா இருந்தா சைடுல தெறிக்கும்" என்றார். மூன்றாவதை வாங்கினேன்.

மறுநாள் மதியம் பாய் வீட்டுக்கு வந்தார். மட்கார்டை மாட்டுவது சுலபம், ஒழுங்காக மாட்டுவதுதான் கஷ்டம் என்று கால் மணி நேரத்தில் தெரிந்தது. கம்பியை இந்தப் பக்கம் முறுக்கினால் அந்தப் பக்கம் டயரில் உரசியது. அதைச் சரிசெய்தால் மேலே இடித்தது. சக்கரத்தைச் சுற்றினால் கடகடவென்று தையல் மிஷின் சத்தம். மனைவி ஜன்னலில் நின்று, "என் தம்பி நேத்து போன் பண்ணான், வண்டி எப்ப வரும்னு" என்றாள்.

பாய் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். நான் தூக்கிப் போட்டிருந்த தோல் மட்கார்டை ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"ஷூ தைக்கச்சொல்ல ஓரம் ஒரே மாதிரி வர்றதுக்கு இன்னா பண்றோம்? நடுவுல ஒரு தோலு வெச்சு அளவு புடிக்கிறோம்ல? அதேதான்."

தோல் பட்டையை இரண்டு மடிப்பாக டயர் மேல் சுற்றினார். அதன் மேல் பிளாஸ்டிக் மட்கார்டை அழுத்திப் பிடித்தார். நான் நட்டுகளை முறுக்கினேன். எல்லாம் இறுகியதும் தோலை உருவி எடுத்தோம். முன்னாலிருந்து பின்னால்வரை ஒரே இடைவெளி. சந்தேகத்துக்கு, கேஜ் கொண்டுவந்து மடித்த தோலை அளந்தேன். சரியாகப் பத்து மில்லிமீட்டர். என் கேஜ் முழுசாகத் திறந்து, ஒரு பயனுக்கு வந்தது.

கடகட சத்தத்துக்கும் தோல்தான் மருந்து. எண்ணெய் படாத ஒரு மிச்சத் துண்டில் பாய் ஓட்டை போடும் உளியால் வட்ட வட்டமாக வாஷர் வெட்டித் தர, ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒன்று வைத்தேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டு இரண்டு பேரும் காதைக் கிட்டே கொண்டுபோனோம். சத்தமே இல்லை. ஜன்னலில் நின்றவள் டீ போடப் போய்விட்டாள்.

என் முறை வந்த ஞாயிறு, மழை எனக்காகவே ராத்திரி முழுக்கப் பெய்து விடியற்காலையில் நின்றது. அதே வெள்ளைச் சட்டை. நான் முன்னால், மனைவி சாட்சியாக ஸ்கூட்டரில் பின்னால். ரயில் பாலத்துக்கு அடியில் ஓரமாகப் போக இடம் இருந்தும் நடுக் குட்டையிலேயே இறங்கினேன். சக்கரம் தூக்கிய தண்ணீர் மட்கார்டுக்குள் சலசலவென்று ஓடி ரோட்டிலேயே விழுந்தது. கறிக்கடைத் திருப்பத்தில் ஒரு நாய் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. வாழ்க்கையில் ஒரு நாயின் அலட்சியம் அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

சர்ச் வாசலில் மனைவி என்னைத் திருப்பி நிறுத்தினாள். நான் தோல் பார்ப்பது போலவே, காலரிலிருந்து இடுப்புவரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு" என்றாள், மனசே இல்லாமல். "சரி, அவனுக்கு வேற வண்டி பாத்துக்கலாம்."

உள்ளே பாட்டு முடிந்ததோ இல்லையோ, எழுந்துவிட்டேன். நடுவழியாக, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மெதுவாக நடந்தேன். எந்தப் பெஞ்சிலும் சிரிப்பு இல்லை. முன்வரிசையில் ரிட்டையரான ஒரு டீச்சரம்மா, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாதி எழுந்து, என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். என் முதுகுக்கு அவ்வளவு மரியாதை. வாசித்து முடித்தேன். திரும்பி வரும்போது வேண்டுமென்றே பக்கச் சுவரோரமாக ஒரு சுற்று சுற்றி வந்தேன், ஓரத்தில் உட்கார்ந்தவர்களும் முதுகைப் பார்க்கட்டும் என்று.

ஆராதனை முடிந்து வெளியே சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா கிட்டே வந்தார். முதுகைப் பற்றித்தான் சொல்லப் போகிறார் என்று கொஞ்சம் திரும்பியே நின்றேன்.

"முதுகு சுத்தமாத்தாம்பா இருந்துச்சு. ஆனா முதல்ல படிக்க வேண்டியது நானு. நீ ரெண்டாவது."