ஐந்து டிகிரிக்குள்

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் கோணக்காரர். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளின் எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டுவார். வளைவின் மேல்முனை எலும்பில் ஒரு கோடு, கீழ்முனை எலும்பில் ஒரு கோடு. கோணமானியை வைத்து இத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. அவர் பென்சில் சீவுவதைப் பார்த்தால் ஆபரேஷனுக்குக் கத்தி தீட்டுகிறார் என்றே நினைக்கத் தோன்றும். அந்தப் பென்சிலை வேறு யாராவது தொட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அந்த வேலைக்கு ஒரு விதி இருந்தது. எவ்வளவு கூர்மையான பென்சிலானாலும் கை ஓரிரண்டு டிகிரி முன்னே பின்னே போகும். அதனால் போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஐந்து டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால், டாக்டருக்குப் போகும் சீட்டில் "மாற்றம் இல்லை" என்று எழுத வேண்டும். எண்ணைக்கூட எழுத வேண்டாம். டாக்டர்கள் வந்தார்கள், மாறிப் போனார்கள். வாசலில் கூட்டம் நெரியும்போது அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். பழைய படங்கள் கட்டுக் கட்டாகக் கிடங்குக்குப் போயின. உறையில் கடைசிப் படம் மட்டும் இருக்கும்.

அவருடைய தங்கை மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வளைவு தெரிந்தது. கண்டுபிடித்தவள் தங்கைதான். அவள் தையல்காரி. மகளுக்குக் கவுன் தைத்துப் போட்டுப் பார்த்தால் விளிம்பு ஒரு பக்கம் ஏறி நின்றது. துணியைத் தப்பாக வெட்டிவிட்டோமோ என்று இரண்டு தடவை பிரித்துத் தைத்தாள். மூன்றாவது தடவை அண்ணனிடம் கூட்டிவந்தாள். இருபத்தாறு டிகிரி. வளர்ந்து முடியும்வரை பெல்ட் போட்டால் போதும், ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று அவரே தன் வாயால் சொன்னார். தங்கைக்கு டாக்டர் சொன்னதைவிட அண்ணன் சொன்னதுதான் வேதவாக்கு.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிற பெல்ட் அல்ல. அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டிப் பிளாஸ்டிக், ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம். குனிந்து செருப்பு வார் மாட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் ஆமை என்றார்கள். பெண்ணுக்கு வீட்டில் வாலு என்று பெயர், அவளா அசருவாள்? கேலி செய்கிறவன் முன்னால் நின்று தன் வயிற்றைக் கதவுபோல் தட்டி, "யாருப்பா உள்ள?" என்று கேட்டு அவனையே சிரிக்க வைப்பாள். அழுகையெல்லாம் குளியலறையில், அந்த ஒரு மணி நேரத்தில்.

ஐந்து மாதத்துக்கு ஒரு முறை படம். ஒவ்வொரு தடவையும் மாமாவே அளந்தார். மூன்று கூடியது, நாலு கூடியது, பிறகு மூன்று. ஐந்துக்குள்தானே. "மாற்றமே இல்லடா வாலு" என்று அவர் சொல்லும்போது அவள் முகம் மலர்வதைப் பார்க்கவே அவர் அந்த நாளுக்குக் காத்திருப்பார். எண் ஏறுவது அவர் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. அவர்தான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

மூன்று வருஷம் ஓடியது. வளர்ச்சி முடிந்துவிட்டது, பெல்ட்டைக் கழற்றலாம் என்று நாளும் குறித்தாயிற்று. அந்த வாரம் புதிதாக வந்திருந்த டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். பெல்ட் போட்ட பிள்ளைகள் எத்தனை பேருக்குப் பலன் கிடைத்தது என்று கணக்கெடுக்க வேண்டும். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கச் சொன்னார். கோணக்காரர் கிடங்கிலிருந்து கட்டுகளை இறக்கித் தூசி தட்டினார். சீட்டுகளின்படி நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்குப் பலன். படங்களின்படி இருபத்திரண்டு பேருக்குத்தான்.

வாலுவின் உறையைக் கடைசியில்தான் எடுத்தார். இருபத்தாறு. ஐம்பது. பென்சிலை மறுபடி சீவினார். அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டார். நாற்பத்தொன்பது. இன்னொரு முறை. ஐம்பது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் பெல்ட்டை மாற்றியிருக்கலாம், இறுக்கியிருக்கலாம், ஏதாவது செய்திருக்கலாம். இனி கத்திதான். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு யாரையும் திட்டவில்லை. வீட்டாரிடம் தானே சொல்வதாகச் சொன்னார். கோணக்காரர் வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார்.

பெல்ட் கழற்றுகிற நாளில் தாயும் மகளும் காலையிலேயே வந்துவிட்டார்கள். வழக்கப்படி கேள்வித்தாள். முதுகு வலிக்கிறதா, கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி இருக்கிறது என்று இருபது கேள்விகள். கடைசிக் கேள்வி, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் இதே சிகிச்சைக்குச் சம்மதிப்பாயா என்பது. வாலு "நிச்சயமாக" என்ற கட்டத்தில் டிக் போட்டு மாமா கையில் கொடுத்தாள். பிறகு அம்மா தைத்துக் கொண்டுவந்த புதுக் கவுனை எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் ஓடினாள்.

அவர் இரண்டு படங்களையும் விளக்குப் பெட்டியில் மாட்டினார். எண்களைச் சொன்னார். விதியைச் சொன்னார். கடைசியில், தப்பு விதியில் இல்லை, தன்னிடம்தான் என்றும் சொன்னார். தங்கை படத்தைப் பார்க்கவில்லை. எந்நேரமும் கழுத்தில் தொங்கும் டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்ணா," என்றாள். "ஒவ்வொரு கவுனுக்கும் ஒரு பக்கம் கால் இஞ்ச் கூட்டி வெட்டினேன். அப்புறம் அரை. அப்புறம் முக்கால்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீதான் மாறலன்னு சொன்னியே. என் டேப்புதான் தப்புன்னு நெனச்சேன். ரெண்டு டேப்பு மாத்திட்டேன்."

அவர் என்ன சொல்ல வாயைத் திறந்தாரோ, அதற்குள் மறைப்பு விலகியது. மூன்று வருஷத்துக்குப் பிறகு பகலில், பிளாஸ்டிக் இல்லாமல், வாலு வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றாள்.

"மாமா, நேரா இருக்கேனா?"

அவர் கண் தன்னால் கவுனின் விளிம்புக்குப் போனது. அது ஒரு நூல்கூடப் பிசகாமல் நேராக இருந்தது.