வராமலே வாங்கிய முதல் பிரதி

பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவர் செய்தியக்கா. புத்தக வெளியீடு, வாசகர் சந்திப்பு, விமர்சனக் கூட்டம் என்று எது நடந்தாலும் செய்தி எழுதி வாசகர்களின் போனுக்கு அனுப்புவது அவர் வேலை. நாற்காலி போடுவதும், மைக் சொதப்பினால் திட்டு வாங்குவதும் கொசுறு.

அக்காவிடம் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. விழா மாலையில் என்றால், செய்தியை மத்தியானமே எழுதி, விழா நடக்கும்போது தானாகப் போகும்படி நேரம் வைத்துவிடுவார். "நடக்கறதுக்கு முன்னாடியே எப்படிக்கா?" என்று கேட்டால், "எந்தக் கூட்டத்துலப்பா புதுசா ஏதாவது நடந்திருக்கு?" என்பார். அதுவும் சரிதான். அவர் செய்தியில் அரங்கம் எப்போதும் நிறைந்திருக்கும். காலி நாற்காலி ஒன்றுகூட வந்ததில்லை.

அன்று ஒரு நர்ஸின் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளியீடு. வீட்டுச் சண்டையைக் கதையாக்கிவிட்டாள் என்று அவளுடைய அண்ணன் பல வருடமாகப் பேச்சை நிறுத்தியிருந்தார். அவரே போன் செய்து, விழாவுக்கு வருகிறேன் என்றாராம். அவர் நம்பரையும் செய்தி போகும் வாசகர் பட்டியலில் சேர்க்கச் சொன்னாள். "முதல் பிரதிய அவன் கையிலதான்க்கா குடுக்கணும்" என்று இரண்டு தடவை சொன்னாள். அக்கா உருகிப்போய், 'முதல் பிரதியை நூலாசிரியரின் அண்ணன் கண்கலங்கப் பெற்றுக்கொண்டார்' என்று வழக்கம்போல மத்தியானமே எழுதி வைத்தார்.

மாலையில் அண்ணனைக் காணோம். நர்ஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச வந்தவர்களிடம் கொஞ்சம் இழுத்துப் பேசச் சொன்னார்கள். அதில் யாரும் குறை வைக்கவில்லை. கடைசியில் பதிப்பாளரே பிரதியை வாங்கிக்கொண்டார். நாற்காலிகளை மடக்கும்போதுதான் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்தி எப்போதோ போயிருந்தது. அவசரமாக அழித்துவிட்டு, இதை யார் படித்திருக்கப் போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை அக்காவின் போன் அடித்தது.

"நான் அந்த நர்ஸோட அண்ணன். நேத்து பஸ் நெரிசல்ல மாட்டிக்கிச்சு. உங்க தெருமுனைல இறங்கறேன், செய்தி வருது, அண்ணன் வாங்கிக்கிட்டார்னு. அவளுக்கு அண்ணன் நான் ஒருத்தன்தாங்க. எனக்குப் பதிலா வேற யாரையோ நிக்க வச்சுட்டா. அப்படியே திரும்பிட்டேன். பரவால்ல, நல்லா இருக்கட்டும்."

"ஐயோ சார், அது நான்தான்..." என்பதற்குள் வைத்துவிட்டார். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அக்காவுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்.

நர்ஸ் மருந்து அறையிலிருந்து வந்தாள். "என்னக்கா, முகமே சரியில்ல? அவன் வராததுக்கா? விடுங்க. நேத்தே அவன் நம்பர அழிச்சுட்டேன். எனக்கு அண்ணனே கிடையாதுன்னு நெனச்சுக்கறேன்."

"வந்தார்மா," என்றார் அக்கா. "நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்." பிறகு மத்தியானம் எழுதி வைத்ததையும் அழித்ததையும் காலையில் வந்த போனையும் ஒன்று விடாமல் சொன்னார்.

நாலு வார்த்தை திட்டுவாள் என்றுதான் அக்கா தலையைக் குனிந்து நின்றார். அவள் திட்டவில்லை.

"தெருமுனை வரைக்கும் வந்தானா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா தன் போனில் அவர் நம்பரைப் போட்டு நீட்டினார். அவள் வாங்கிக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.