லாபத்துக்குப் பூஜ்யம்

"ஏழு, ஒண்ணு, நாலு, ஒம்பது, ரெண்டு" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, அப்படியே திருப்பிச் சொல்லச் சொல்லிவிட்டு, இரவல் கடிகாரத்தையும் எதிரே நிற்பவர் வாயையும் மாறி மாறிப் பார்க்கிறான் அர்த்தனாரி. சாமை அடிக்கிற களத்தில் அவனிடம் அகப்படாமல் யாரும் மூட்டை தூக்கிவிட முடியாது.

வயது இருபது. ஆலத்தூர் நாட்டிலிருந்து மலையிறங்கிப் போய், பட்டணத்தில் பி.ஏ. தத்துவம் படிக்கிறான், அதில் மனோதத்துவம் என்று ஒரு பாடம். "மனசைப் படிக்கறானாமா! அப்ப என்ற ஆடு எங்க போச்சுன்னு சொல்லட்டும்" என்றார் ஊர்க்காரர் மாணிக்கம். அர்த்தனாரி கோபித்துக்கொள்ளவில்லை, கூடவே போய் அரை நாள் ஆடு தேடினான். காதில் செருகிய பென்சிலை ஊரெல்லாம் தேடுகிற பிள்ளை. ஆடு மட்டும் கிடைத்துவிடுமா?

அவனுக்குக் கோபமெல்லாம் பேராசிரியர் மேல். "எழுத்தறியாத மலைக்காரர்களுக்கு ஞாபகசக்தி மட்டு" என்று அவர் வகுப்பில் சொல்ல, இவன் எழுந்து நின்றுவிட்டான். "நானும் மலைக்காரன்தான், ஐயா." "அப்படியானால் கிறிஸ்துமஸ் விடுமுறையில் சோதித்துக் கொண்டு வா" என்றார் அவர். பத்தொன்பது பேரைச் சோதித்தாயிற்று, பத்தொன்பதும் பூஜ்யம். சொந்தச் சனத்தை மட்டமென்று தன் கையாலேயே எழுதிக்கொண்டு போவதா?

கடைசியாக அக்கா அத்தாயி வந்தாள், கையில் தானியம் அளக்கிற வள்ளத்தோடு. கேட்ட எண்களை மூச்சு விடாமல் ஒப்பித்தாள்: "ஏழு, லாபம், நாலு, ஒம்பது, ரெண்டு."

அர்த்தனாரி பெருமூச்சு விட்டுப் பூஜ்யம் போட்டான்.

"ஏஞ் சாமி, மொகம் சுண்டிப் போச்சு?"

"ஒண்ணுன்னு சொன்னா நீங்களும் லாபம்ங்கறீங்களே அக்கா. ஒரு வார்த்தை மாறினாலும் தப்புங்க. அதுதான் விதி."

"அடப் பைத்தியக்காரா! களத்துல நின்னுக்கிட்டு எவளாச்சும் ஒண்ணுன்னு எண்ணுவாளா? மொத வள்ளம் லாபந்தான். ஒண்ணுன்னா ஒண்ணோட நின்னு போயிருமில்ல? நீ ஒண்ணு குடுத்தே, நான் லாபமாத் திருப்பிக் குடுத்தேன். கொறஞ்சா போச்சு?"

பென்சில் நின்றது. அடடா! இருபது பேரும் தவறியது அந்த ஒரே வார்த்தையில்தான். ஆட்கள் சுலபமாக அகப்படுவார்கள் என்று களத்தைத் தேர்ந்தெடுத்தவன் யார்? அவனேதான். ஏழு வருஷ விடுதிச் சோறு பிறந்த ஊரின் வாய்வழக்கையே மறக்கடித்துவிட்டது. வெட்கமும் சந்தோஷமுமாக வாய்விட்டுச் சிரித்தான்.

"நாளைக்கு எல்லாரும் களத்தை விட்டுட்டுச் சுனைப் பக்கம் வரணுங்க அக்கா. மறுபடியும் கேக்கறேன்."

"வாரோம் கண்ணு. அப்பவாச்சும் நீ தேறுவியா?"

நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'தவறியவர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, அடியில் 'அர்த்தனாரி' என்று கொட்டை எழுத்தில் எழுதினான்.