பாரம் பெரியப்பாவும் ஏழு நிமிடமும்

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் கொடியைத்தான் பார்ப்பார். காய்ந்த துணி தொங்கினால் உருவி மடித்து, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். உள்ளே வந்ததும் செய்தித்தாள்மேல் டம்ளரை வைப்பார். என் பாடக்குறிப்புகள்மேல் உப்பு ஜாடி ஏறும். ஒருமுறை என் கல்லூரி விண்ணப்பத்தின்மேல் அரிவாள்மனையே இருந்தது. "காத்தே இல்லையே பெரியப்பா" என்றால், "இப்ப இல்ல. வராதுன்னு யாரு சொன்னா?" என்பார். பதினைந்து வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அவருக்கு 'பாரம்' என்றுதான் பெயர். கூப்பிட்டால் அந்தப் பெயருக்குத்தான் சட்டென்று திரும்புவார்.

அவர் அந்தப் பள்ளியின் மைதானக் காவலாளி. எங்கள் ஊர் மலையில் இருக்கிறது. சமதரை என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு மைதானம்தான் உண்டு. ஆறு படுக்கை உள்ள சின்ன ஆஸ்பத்திரி பள்ளிக்கு எதிரே. பெரிய ஆஸ்பத்திரி கீழே நகரத்தில். சாலை நன்றாக இருந்தால் நாலு மணி நேரம். சாலை நன்றாக இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. அதனால் உயிர் ஊசலாடும் நோயாளிகளுக்கு ஹெலிகாப்டர் வரும். அது இறங்குவதற்கு மைதானத்தைத் தயார் செய்வதும் பெரியப்பாவின் வேலையானது.

அதற்கு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஹெலிகாப்டர் சேவையிலிருந்து ஓர் அதிகாரி வந்து பன்னிரண்டு விதிகளைச் சொன்னார். உடற்பயிற்சி ஆசிரியர் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் நோட்டைத் தொலைத்தார். பெரியப்பா ஐந்தாம் வகுப்பு. வேகமாக எழுத வராது என்பதால் பன்னிரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டார். பறக்கக்கூடிய எதுவும் தரையில் இருக்கக் கூடாது. புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பைலட் கூப்பிட்டால்தான் கிட்டே போகவேண்டும், அதுவும் முன்பக்கமாக, குனிந்து. வால் பக்கம் போகவே கூடாது. அங்கே சுற்றும் சின்ன விசிறி கண்ணுக்குத் தெரியாது, வெட்டிய பிறகுதான் தெரியும். இவற்றை நடக்கும்போதும் குளிக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தார். பெரியம்மா அம்மாவிடம் வந்து புலம்பினார்: "தூக்கத்துல 'வாலுக்குப் பின்னால போகாதே'ன்னு கத்துறாரு. நான் யாரு வாலுக்குப் பின்னால போனேன்?"

முதல் தடவை ஹெலிகாப்டர் வந்தபோது எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆடுகளை விரட்டினார், தண்ணீர் தெளித்தார், குப்பைக்கூடைகளைக் கவிழ்த்து வைத்தார். மாணவர் விடுதிக்குப் பின்னால் காய்ந்த முப்பது படுக்கை விரிப்புகளை மட்டும் மறந்துபோனார். ஒன்று தண்ணீர்த் தொட்டிமேல் ஏறியது. ஒன்று தலைமையாசிரியரைத் தலையிலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டது. அவர் அப்படியே பத்தடி நடந்து கொடிக்கம்பத்தில் முட்டினார்.

"யாருய்யா அது?" என்று கம்பத்தைத் திட்டினார்.

பெரியப்பா துணிக்குப் பாரம் வைக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். தலைமையாசிரியர் பெரியப்பாவை முறைக்க ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

தலைமையாசிரியருக்கு மைதானத்தில் சுண்ணாம்புப் பொடிக் கோடு போடுவது உயிர். வெள்ளையாக, நேராக, கண்ணைப் பறிக்கவேண்டும். ஆனால் ஹெலிகாப்டர் இறங்கும்போது அந்தப் பொடி மொத்தமும் மேலே கிளம்பி பைலட்டின் கண்ணை மறைக்கும். ஆகவே அழைப்பு வந்ததும் பெரியப்பா முதலில் குழாயைக் கோட்டின்மேல்தான் திருப்புவார். தான் போட்ட கோட்டைத் தானே அழிப்பார். மாடி ஜன்னலிலிருந்து தலைமையாசிரியர், "பாரம்! அது ஓட்டப்பந்தயக் கோடுய்யா!" என்று அலறுவார்.

"ஓடறவன் நாளைக்கு ஓடிக்கலாம் சார்" என்பார் பெரியப்பா.

நான் பதினொன்றாம் வகுப்பு படித்த ஆண்டு விளையாட்டு விழாவுக்குத் தலைமையாசிரியர் மைதானத்தின் நடுவில் துணிப்பந்தல் போடச் சொன்னார். இருநூறு நாற்காலி, தோரணம், நாலு மூட்டை சுண்ணாம்பு. பெரியப்பா மூன்று தடவை போய்ச் சொன்னார். மூன்றாவது தடவை நான் அலுவலக வாசலில் நின்றிருந்தேன்.

"பந்தலை ஓரமாப் போட்டுக்கலாம் சார். நடுவுல போட்டா ஹெலிகாப்டர் எங்க இறங்கும்?"

"விழா நடக்கறது மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரத்துல இந்த ஊர்ல எவனுக்கும் ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன், போ."

மறுநாள் அவருக்கே ஆனது.

அவர் பேச்சு எப்போதும் எட்டுப் பக்கம். நாலாம் பக்கத்தில் 'ஒழுக்கம்' என்ற சொல்லில் நாக்கு குழறியது. உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்துக் கைதட்டினோம். கையிலிருந்த தாள்கள் விழுந்தன. இனி மனதிலிருந்து பேசப்போகிறார் என்று இன்னும் பலமாகத் தட்டினோம். அந்தக் கைதட்டலை நினைத்தால் எனக்கு இன்றும் கூசுகிறது. முன்வரிசையிலிருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காதான் அவருடைய வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதைப் பார்த்து மேடைக்கு ஓடினார். மூளையில் ரத்த அடைப்பு. நேரத்துக்கு நகரத்தின் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆள் பிழைப்பார், சாலையில் போனால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார். இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிடும். இறங்கத்தான் இடமில்லை.

பெரியப்பா வாழ்க்கையில் முதல்தடவையாக மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் எந்திரிங்க. அவங்கவங்க உக்காந்த நாற்காலியை அவங்கவங்க தூக்கிக்கிட்டு வகுப்புக்குள்ள போங்க. தொப்பி, குடை, காகிதம் ஒண்ணும் வெளிய இருக்கக் கூடாது. போனதும் ஜன்னலைச் சாத்துங்க. சத்தம் நிக்கிற வரைக்கும் எவனும் வெளிய வரக் கூடாது."

சிறப்பு விருந்தினர் நகராட்சித் தலைவர். "நானுமாப்பா?" என்றார்.

"உங்க நாற்காலி பெரிசு சார். ரெண்டு பேரா பிடிங்க."

ஆறு நிமிடத்தில் ஆட்கள் காலி. நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்றி மைதானத்தின் ஓரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு நர்ஸ் அக்கா காத்திருந்தார். பந்தல்தான் பாக்கி. பந்தல்காரர் ஒவ்வொரு முடிச்சாக, குழந்தைக்குத் தலை பின்னுவதுபோல அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அறுத்து விடுய்யா!"

"கயிறு புதுசுண்ணே. போன வாரம்தான் வாங்கினேன்."

பெரியப்பா அரிவாளோடு பாய்ந்தார். அவர் மூன்று மூலையை அறுத்தபோது பந்தல்காரர் மீதிக் கயிற்றையாவது காப்பாற்ற நாலாம் மூலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் மலைக்குப் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

நான் வகுப்பறைக் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்தது. பந்தல் துணி ஒரு பக்கம் ஆளுயரத்துக்குப் பொங்கி எழுந்தது. பெரியப்பா மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் குறுக்கே ஆட்டினார். "ஹெலிகாப்டரைக் கூப்பிடுறாருடா பாரம்!" என்று வகுப்பே ஆரவாரம் செய்தது. ஹெலிகாப்டர் மேலே ஏறி மலையைச் சுற்றியது. பெரியப்பா மறுபடி அரிவாளோடு ஓடினார். துணியைச் சுருட்டி, பந்தல்காரரை அதன்மேல் உட்காரவைத்து, அவர் மடியில் ஒரு சுண்ணாம்பு மூட்டையையும் ஏற்றி, "அசைஞ்சே, தொலைச்சுடுவேன்" என்றார். கோடுகள்மேல் தண்ணீரைப் பாய்ச்சினார். அதன் பிறகுதான் கைகளை விரித்து உயர்த்தினார். ஹெலிகாப்டர் இறங்கியது.

ஸ்ட்ரெச்சரை நாலு பேர் குனிந்தபடி தூக்கிப் போனார்கள். நகராட்சித் தலைவர் கும்பிட்டபடியே பின்னால் ஓடிவந்தார். பெரியப்பா அவர் பிடரியைப் பிடித்து அழுத்தினார்.

"குனிங்க! தலை வேணுமா வேணாமா?"

"வேணும்ப்பா, வேணும்."

தலைமையாசிரியர் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து வந்தபோது வலது கை மட்டும் வரவில்லை, தொங்கியது. நாக்கு பழையபடி வந்துவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே.

ஆஸ்பத்திரிச் சீட்டில் நர்ஸ் அக்கா நேரத்தைக் குறித்திருந்தார். ஹெலிகாப்டர் மேலே தெரிந்தது பதினொன்று நாற்பத்திரண்டு. இறங்கியது பதினொன்று நாற்பத்தொன்பது. தலைமையாசிரியர் அதைப் படித்தார். ஏழு நிமிடம் மேலே என்ன செய்துகொண்டிருந்தான் அந்த பைலட்? வேடிக்கை பார்த்தானா? அந்த ஏழு நிமிடம்தான் தன் கையைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார். புகார் எழுத வேண்டும். எழுதக் கை இல்லை. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். விண்ணப்பம் வரவழைத்துக் கொடுத்தவரே அவர்தான். மறுக்க முடியுமா? கல்லூரிக்குப் போன பிறகும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு கடிதம் எழுதினேன்.

பதிலும் வந்தது: 'தரையில் நிலவிய சூழ்நிலை காரணமாகத் தரையிறங்குவதில் தாமதம் ஏற்பட்டது.' தலைமையாசிரியர் மேசையை இடது கையால் அறைந்தார்.

"சாக்கு! தரையில என்ன சூழ்நிலை? நின்னது யாரு, நம்ம பாரம். அவன் நிக்கிற தரையில என்னய்யா குறை இருக்கமுடியும்? எழுது!"

தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலைமையாசிரியர் வாயிலிருந்து அவரைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது.

அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் என்னிடம் சொன்னார். "நான் கூப்பிடலைம்மா. போன்னு சொன்னேன். அந்தத் துணி விசிறியில சுத்தியிருந்தா மேல இருக்கற நாலு பேரும் போயிருப்பாங்க, கீழ இவரும் போயிருப்பாரு."

"அதைச் சார்கிட்டச் சொல்லிடுங்களேன்."

"எப்படிச் சொல்றது? பந்தலை யாரு நடுவுல போடச் சொன்னது? உன் கை போனதுக்கு நீயேதான் காரணம்னு, கை போனவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லணுமா? சொல்லலைன்னா அந்த பைலட்டு மேல பழி. நீ படிச்சவ. ரெண்டுல எதுன்னு சொல்லு."

மூன்று ஆண்டு படித்தவள் நான். எனக்குத் தெரியவில்லை. ஏழு நிமிடத்தில் ஒரு கை போகுமா என்று டாக்டரிடம் கேட்டேன். "போகலாம். போகாமலும் இருக்கலாம்" என்றார்.

அடுத்த தடவை ஹெலிகாப்டர் வந்தபோது அதே பைலட். நோயாளியை ஏற்றும் இடைவெளியில் பெரியப்பாவின் காதருகே கத்தினாராம்: "உங்க ஹெட்மாஸ்டர் லெட்டரா போட்டுத் தள்றாரே! ஒவ்வொரு லெட்டருக்கும் என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேக்குறாங்கய்யா!" பெரியப்பாவும் கத்தினார்: "நான் சொல்லிடறேன் சார்! என் பொறுப்பு!" பைலட் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்.

பெரியப்பா சொல்லப் போனார். மறுநாளே சட்டையைப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குள் நின்றார்.

"என்ன பாரம்?"

"அது வந்து சார்... துடைப்பம் தேஞ்சுபோச்சு."

துடைப்பம் வந்தது. அடுத்த வாரம் மறுபடி போனார். குழாய் ஓட்டை என்று சொல்லிவிட்டு வந்தார். புதுக் குழாய் வந்தது. வாளி, மண்வெட்டி, பூட்டு, இன்னும் எட்டுத் துடைப்பம். கையை இழந்த பிறகு தலைமையாசிரியர் அவர் கேட்ட எதையும் மறுக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. "உங்க பெரியப்பாவுக்கு என்னம்மா ஆச்சு? ஒரு மைதானத்துக்கு ஒன்பது துடைப்பமா?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் என்னிடம் கேட்டார். அத்தனை தடவையும் வாய் திறக்கப் போய் மூடிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன மழைக்காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்த பெரியப்பா எழுந்திருக்கவில்லை. ஹெலிகாப்டருக்கோ டாக்டருக்கோ வேலை வைக்கவில்லை.

கல்லூரியில் ஒருமுறை நமக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். புத்தகத்தில் படித்த யாரையோ பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். பத்தொன்பது நோயாளிகளை ஒரு கீறல் இல்லாமல் ஏற்றி அனுப்பிய ஆள் என் வீட்டுச் செய்தித்தாள்மேல் டம்ளர் வைத்துக்கொண்டிருந்தார். அவரை எழுதலாம் என்று ஏன் தோன்றவில்லை? மைதானக் காவலாளி என்று எழுத வெட்கமா? இருக்கலாம். இல்லை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். ஜன்னல் வழியாக மைதானத்தைக் காட்டினார். பிறகு, "அவன் இருந்தவரைக்கும் தரை சரியா இருந்தது. மேல இருந்தவன்தான் சரியில்ல. பாரத்துக்காகவாவது இதை விடக் கூடாது. எழுது" என்றார்.

சொல்லவேண்டியது ஒரு வரிதான். பெரியப்பாவைவிட எனக்குச் சொற்கள் அதிகம் தெரியும். அதற்காகத்தானே படிக்க வைத்தார்கள்? வாயைத் திறந்தேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் பேனாவைத் திறந்து அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன்.

கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பைலட்டிடமும் போய் எதையும் சொல்லவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம் தலைமையாசிரியர் கேட்கிறார்:

"பதில் வந்துதாம்மா?"

"இன்னும் இல்ல சார்."