முதல் வரிசை மூட்டை

வாஞ்சிநாதன் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. கப்பலில் வந்த சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பது வேலை. கழுத்தில் தொங்கும் அட்டை இருந்தால்தான் ஷெட்டுக்குள் விடுவார்கள். அட்டை போனால் சோறும் போச்சு.

வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே சட்டம் என்னவோ கறார்தான்: அதிகாரி நேரில் நின்று மூட்டை பிரித்துப் பார்க்க வேண்டும். நடப்பது வேறு. அதிகாரி ரமேஷ்பாபு நாற்காலியை விட்டு அசைய மாட்டார். வாஞ்சிநாதன் வெயிலில் போய், கண்டெய்னர் கதவோரத்து முதல் வரிசையில் ஒரு மூட்டையைக் குத்தி, ஒரு பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி மேஜையில் வைப்பார். உள்ளே ஏறிப் பார்க்க முட்டி ஒத்துழைக்காது. ‘அதிகாரி முன்னிலையில் எடுக்கப்பட்டது’ என்று இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். சாயா வரும்.

போன மாதம் வந்தது வினை. மல்லி என்று காகிதத்தில் காட்டி வந்த சரக்கில் முதல் வரிசை மட்டும்தான் மல்லி. பின்னால் முழுக்க, வரிக்குப் பயந்து மறைத்த கொட்டைப்பாக்கு. தான் நேரில் நின்றதாகவும், குமாஸ்தா ஏமாற்றிவிட்டதாகவும் ரமேஷ்பாபு எழுதிக் கொடுத்துவிட்டார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பழியை ஒத்துக்கொண்டால் அட்டை மட்டும் போகும், கேஸ் வராது என்றார் முதலாளி. உண்மையைச் சொன்னாலோ, இத்தனை வருஷத்துக் கையெழுத்தும் பொய்யென்று தானே சொன்னதாகும். வாஞ்சிநாதனுக்கு அலுத்துவிட்டது. ஒத்துக்கொள்வதென்றுதான் விசாரணைக்கு வந்தார்.

விசாரணை அதிகாரி ஜெயலக்ஷ்மி பாலக்காட்டுக்காரர். வாக்குமூலத் தாளோடு ஒரு பொட்டலத்தையும் நகர்த்தினார்.

“பிடிச்ச சரக்கோட சாம்பிள், மாமா. உங்க முன்னாடி எடுத்ததா சாட்சி ஒப்பு ஒண்ணு போடுங்கோ. மதி, அது போதும்.”

“எப்போ எடுத்தேள்?”

“காலம்பற ஆபீஸ்லேந்து யாரோ போயி எடுத்துண்டு வந்தா. எங்கே எடுத்தாலும் அதே பாக்குதானே?”

வாஞ்சிநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி அழுகை முட்டியது. பழகிய கை அதற்குள் பேனாவைத் திறந்திருந்தது. பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு வாக்குமூலத்தில் எழுதினார்: ‘அன்று அதிகாரி வரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எந்த அதிகாரியும் வரவில்லை. நானும் முதல் வரிசையைத் தாண்டியதில்லை.’ கையெழுத்திட்டு, அட்டையைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார்.

“சாம்பிளுக்கு?” என்றார் ஜெயலக்ஷ்மி.

“வாங்கோ, ரெண்டு பேருமாப் போயி எடுக்கலாம். அட்டை இல்லாம என்னைத் தனியா உள்ளே விட மாட்டா.”

ஜெயலக்ஷ்மி ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.