நெல்லிச்சாறும் என் அடிமட்டமும்

மூன்று வருடங்களுக்கு முன், தை பிறந்து ஐந்தாம் நாள். இலங்கையில், நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கிறோம். முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிய மலையில், வெட்டிப்போட்ட மிலாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்கப் போன என் மனைவியின் வலது பாதத்தில், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு குச்சி ஏறிவிட்டது. அவளுக்குப் பதினேழு வருடமாகச் சீனி வியாதி.

அந்த நாட்களில் எனக்கு நெல்லிக்காய்ப் பைத்தியம். பழச்சாறுகள் பக்டீரியாவைக் கொல்லும், ஒட்சியேற்றத்தைத் தடுத்து உடம்பைக் காக்கும் என்று பத்திரிகையில் வாசித்திருந்தேன். நானே சோதித்தும் பார்த்தேன். இரண்டு ஜாம் போத்தல்களில் சோற்றுக்கஞ்சி. ஒன்றில் மட்டும் ஆறு தேக்கரண்டி நெல்லிச்சாறு. சாறு விடாதது இரண்டாம் நாளே நுரைத்தது. மற்றது ஏழாம் நாளும் நாறவில்லை. எங்கள் லயத்தில் வரிசையாக இருக்கும் எட்டு வீட்டுக்கும் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

தோட்டத்து டிஸ்பென்சரி அரை மைல்தான். இருந்தும் சாற்றில் நனைத்த துணியைக் காயத்தில் கட்டினேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான்காம் நாள் அவள் கேட்டாள்:

"ஒருக்கா மருந்துக்காரருகிட்ட காட்டிட்டு வந்துருவோமாங்க?"

"வலிக்குதா?"

"வலி இல்லீங்க."

"பிறகென்ன?"

"என் காலு என்ன, ஒங்க ஜாம் போத்தலா?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

தினமும் அடிமட்டத்தால் காயத்தின் வாயை அளந்து கொப்பியில் எழுதினேன். ஒன்பது மில்லிமீற்றர், ஏழு, ஐந்து. வலி: இல்லை. எட்டாம் நாள் இரண்டு கால்விரல்கள் கறுத்திருந்தன. நெல்லிக்காய் வெட்டினால் இரும்புக் கத்தியும் கறுக்கும், துணியும் கறுக்கும். அந்தச் சாயம்தான் என்று அதையும் எழுதி வைத்தேன்.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் கோதுமை மா இரவல் கேட்டு வந்தாள். வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்னா மாஸ்டர், வீட்டுக்குள்ள எலி கிலி செத்துக் கெடக்கா?"

எனக்கு மூக்கு பழகிப்போயிருந்தது. அவள்தான் கட்டை அவிழ்த்தாள். சாயம் என்று நான் சொன்னதும் சவர்க்காரம் போட்டு மெதுவாகத் தேய்த்துப் பார்த்தாள். கறுப்பு போகவில்லை.

உடனே ஓட்டோ பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொப்பியை நான் டாக்டர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடினார்.

"வலி தெரியாததுதான் ஐயா ஆபத்து. சீனி நரம்பைக் கெடுத்திருக்கு. மேல காயம் மூடிக்கிட்டு வர, உள்ளே சீழ் பிடிச்சிருக்கு. ஆரம்பத்திலேயே வந்திருந்தா விரல காப்பாத்தியிருக்கலாம்."

இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று அவள் இரண்டு கால்களையும் நீட்டி, "எண்ணிப் பாருங்க, இனி எட்டுதான்" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். என்னால் முடியவில்லை.

கஞ்சிப் போத்தலில் நெல்லிச்சாறு வென்றது உண்மைதான். நான் அளந்ததில் ஒரு மில்லிமீற்றர்கூடத் தப்பில்லை. அந்தக் கொப்பி இன்னும் என் மேசையில் இருக்கிறது. நான்காம் நாள் அவள் கேட்ட அந்த ஒரு கேள்வியை மட்டும் அதில் நான் எழுதவே இல்லை.