அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு?

மருந்துக் கவுண்டரின் அரைவட்டத் துவாரத்தால் முப்பத்தொரு வருடம் உலகத்தைப் பார்த்தவன் நான். அதற்குள்ளால் முகம் முழுதாகத் தெரியாது. கையும் கிளினிக் கொப்பியும் தெரியும். கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. கிழக்கிலங்கையில், கல்முனையில் பஸ் ஏறினால், தூக்கம் பிடிப்பதற்குள் இறங்கவேண்டி வரும்.

நான் கொஞ்சம் கனவுக்காரன். மாத்திரைக் குளிசை எண்ணும்போது மனது எங்கேயாவது போய்விடும். எண்ணிக்கை மட்டும் பிழைக்காது. எங்கள் மருந்துப் பகுதியின் சீஃப், ஆலையடிவேம்பைச் சேர்ந்த சிவபாலன் ஐயா, "ரஸீன், ஆள் இஞ்ச, நெனப்பு கடலுக்க" என்று பகிடி பண்ணுவார். அது உண்மைதான். நோன்பு மாதத்தில் இன்னும் மோசம். பின்னேரம் அசர் தொழுகை நேரம் ஆகும்போது ஆட்களின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். கடற்காற்றில் யன்னல் திரை ஆடும். உடம்பு கவுண்டரில் நிற்கும், நான் எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்.

நாலாம் நோன்பு

அப்படி மிதந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் முச்சக்கரவண்டி ஒன்று வாசல்வரை வந்து நின்றது. சுபைதா ராத்தாவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, மாதாமாதம் என்னிடம் மருந்து எடுக்கிறவர். எங்கள் ஊரில் மூத்த பெண்ணை ராத்தா என்றும் மூத்த ஆணைக் காக்கா என்றும் அழைப்போம். அவருக்கு நினைவு தப்பியிருந்தது, சேலை முழுக்க வியர்வை. கூட வந்த மகள் பரீனா ஒரு கடதாசிப் பையைத் துவாரத்தால் நீட்டினாள்.

"நீங்க எழுதினபடிதான் காக்கா உம்மா போட்டா. காலையில ஒண்டு எண்டிரிக்கி. சஹருக்கு எழும்பி அந்தக் குளிசையப் போட்டுட்டுத்தான் நோன்பு பிடிச்சா."

பையில் இருந்தது என் கையெழுத்து. காலை ஒன்று, இரவு ஒன்று. நோன்பு தொடங்க ஒரு கிழமைக்கு முதல் எழுதியது. விடியுமுன் குளிசை போட்டு, பிறகு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தால் சீனி எவ்வளவு இறங்கும் என்று எனக்குத் தெரியும். நானும் நோன்பாளிதான். ஆனால் எழுதும்போது அது மனதுக்கு வரவே இல்லை.

உள்ளே குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும்போது கண் திறந்துவிட்டார் என்று தாதி வந்து சொன்னார். பேரீச்சம்பழத்தால் நோன்பைத் துறந்துவிட்டு மருந்து அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். அழுதேன் என்று எழுத இப்போது வெட்கமில்லை. இந்த வருடம் நோன்பே வேண்டாம், காலைச் சாப்பாட்டோடு குளிசையைப் போடுங்கள் என்று டொக்டர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

நான் கண்டுபிடித்த கேள்வி

அடுத்த நாளே தொடங்கிவிட்டேன். கொப்பி நீட்டுகிற ஒவ்வொருவரிடமும் "நோன்பா?" என்று கேட்பேன். ஓம் என்றால், அவர் கொப்பியில் ஒரு குறிப்பு வைத்து டொக்டரிடமே திருப்பி அனுப்புவேன். குளிசையின் அளவையும் நேரத்தையும் மாற்றும் அதிகாரம் எனக்கில்லை, அவருக்குத்தான்.

வரிசை நீண்டது. சீஃப் பின்னால் வந்து நின்றார். "ரஸீன், வரிசை வாசல் கேற்றையும் தாண்டிட்டு. கதைக்கிறதெண்டா வீட்ட போய்க் கதை."

"ஒரே ஒரு கேள்விதான் ஐயா."

"அந்த ஒண்டு நூறு பேருக்கு நூறாகும்."

முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. எனக்கோ உள்ளூரப் பெருமை. பெரிய நன்மை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினைந்தாம் நோன்பளவில் சுபைதா ராத்தா வந்தார். கையைக் கண்டதும் சந்தோசம். கண்ணாடிக்கு அப்பாலும் கேட்கட்டும் என்று உரத்தே கேட்டேன். "நோன்பா ராத்தா?"

கை கொப்பியின் மேல் அப்படியே நின்றது. அவருக்குப் பின்னால் அவர் தெருப் பெண்கள் நாலைந்து பேர். "ஓம் தம்பி, நோன்புதான்" என்றார்.

அத்தோடாவது நான் வாயை மூடியிருக்கலாம். "டொக்டர் வேணாமெண்டு சொன்னாரே?" என்று இன்னும் உரத்துக் கேட்டேன்.

"இப்ப எனக்குச் சொகம்."

டொக்டரைப் பார்க்கச் சொன்னேன், அவர் மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த நாள் பரீனா தனியாக வந்தாள். வரிசை கரையும்வரை காத்து நின்றுவிட்டுத் துவாரத்துக்குக் குனிந்தாள்.

"நேத்து உம்மாக்குத் திரும்பவும் கைகால் நடுங்கிட்டு காக்கா. நான் கண்டு சீனித்தண்ணி பருக்கினதால தப்பினா."

"அவ நோன்பு பிடிக்கப்படாதே புள்ள!"

"பிடிக்கல்ல. காலம்பற ரொட்டி திண்டு குளிசையும் போட்டுட்டுத்தான் இஞ்ச வந்தவ. நீங்க ஆக்களுக்கு முன்னால கேட்டீங்க. நோன்பு எண்டு சொல்லிட்டா. வாயால சொன்னதப் பொய்யாக்கப்படாது எண்டு மறுகா பின்னேரம்வரைக்கும் ஒண்டும் திங்கல்ல. அது நோன்பில்ல எண்டு அவக்கும் தெரியும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். எங்கள் ஊரில் நோன்பு மாதத்துப் பகலில், நோயாளிகூடக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். மார்க்கம் விட்டுக்கொடுத்ததைத் தெரு விட்டுக்கொடாது. இதெல்லாம் தெரிந்தவன்தான் ஒலிபெருக்கி வைத்ததுபோல் கேட்டிருக்கிறேன்.

கடற்கரையில்

அன்று வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைக்குப் போனேன். நோன்பு துறக்க இன்னும் ஒரு மணி நேரம். மணலில் ஏற்றிவைத்த தோணிகளின் நிழல் நீண்டு கிடந்தது. வெளிச்சம் மஞ்சளாகித் தண்ணீரும் வானமும் ஒன்றாய்க் கிடந்தன. பசியில் தலை இலேசாகியிருந்தது. ஒரு தோணியில் சாய்ந்து கண்ணை மூடினால் அலையின் சத்தம் மட்டும்தான். அந்த அரைத்தூக்கத்தில் சுபைதா ராத்தாவின் கை கொப்பியின் மேல் நின்றது வந்துகொண்டே இருந்தது.

அப்படியே கிடக்கும்போது ஒன்று தெளிந்தது. குளிசைக்கு நோன்பு தெரியாது. சாப்பாடு எப்போது வரும் என்பதுதான் அதற்கு வேண்டும். அப்படியென்றால் நான் ஏன் நோன்பைக் கேட்கிறேன்? எழும்பி மணலைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். குரலையும் குறைத்தேன். "அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு?" நோன்பு துறக்கும் நேரமான ஆறரைக்கு என்றவர்களை டொக்டரிடம் அனுப்பினேன். மற்றவர்கள் தங்கள் நேரத்தைச் சொன்னார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாதம் முடியுமுன் சுபைதா ராத்தாவிடமும் அதையே கேட்டேன்.  முதன்முறையாக அவர் முகமே துவாரத்துக்குக் குனிந்து வந்தது.

"இப்ப வீட்ட போய்த்தான் தம்பி. மகள் கஞ்சி காய்ச்சி வெச்சிரிக்கா."

சிரித்தார். பக்கத்துக் கவுண்டரில் சீஃப் மருந்து கட்டிக்கொண்டிருந்தார். சில மாதம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, விரதக்காரர் ஒருவரிடம் "அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு ஐயா?" என்று அவர் கேட்பது என் காதில் விழுந்தது. நான் குளிசை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான். உதவி சின்னதாயிருந்தால் போதும். ஆனால் அதை வாங்குகிறவர் தலை குனியாமல் வாங்கும்படி கொடுக்கவேண்டும். அதைப் படிக்க எனக்கு ஒரு நோன்பு மாதமும், ஒரு பெண்ணின் உயிர் இரண்டு தரம் ஊசலாடுவதும் தேவைப்பட்டது.

ஓய்வு பெற்று மூன்று வருடம். இப்போது சீனி வருத்தம் எனக்கும் வந்துவிட்டது. இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நோன்பு ஏழில் மருந்து எடுக்கப் போனேன். பழைய வரிசை, பழைய துவாரம், இந்த முறை நான் வெளிப்பக்கம். பின்னால் எங்கள் பள்ளிவாசலில் என்னோடு தொழுகிறவர்கள் நாலு பேர். கொப்பியை நீட்டினேன். 

உள்ளே இருந்தது புதுப் பிள்ளை. என்னைத் தெரியாது. மெல்லக் கேட்டாள். "அடுத்த சாப்பாடு எத்தனை மணிக்கு?"

யாரிடம் படித்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வரிசை நீளம். துவாரத்துக்குக் குனிந்து, "இப்ப வீட்ட போய்த்தான் மகள்" என்றேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் தங்கள் கதையைத் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள்.